வீட்டுத் தோட்டத்தில் இலை செலரி

சூப்பிலும் ஃபிரைட் ரைஸிலும் மணம் சேர்க்கும் இலை செலரி குளிர்ச்சியை விரும்பும் பயிர் என்பதால், சமவெளியில் ஐப்பசி மாதத்தில் விதைப்பதே நல்லது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் இன்னும் எளிதாக வளரும்.

பொறுமை வேண்டியது விதைப்பில்தான். தூசி போன்ற அதன் விதை முளைக்க வெளிச்சம் தேவை. ஆகவே ஓரிரவு ஊறவைத்து வடித்த விதையை, மண்புழு உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்த தட்டில் தூவி, மண்ணால் மூடாமல் விரலால் லேசாக அழுத்தி, கைத்தெளிப்பானால் ஈரம் காத்துவந்தால், 2 முதல் 3 வாரங்களில் முளைகள் தலைகாட்டும். நாற்று நான்கைந்து இலை விட்டதும், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் 20 செ.மீ. இடைவெளியில் நடலாம். மண் அடிக்கடி காய்ந்தால் தண்டு நாரோடி இலை கசந்துவிடும்; தண்ணீரில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. வெளிவட்டத் தண்டுகளை மட்டும் அடியோடு கத்தரித்து, நடுக்குருத்தை விட்டுவைத்தால் செடி மீண்டும் மீண்டும் தழைக்கும்.