மூன்று வழியில் சுடுதண்ணீர், ஒரே வீட்டில்

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. மொட்டைமாடியில் 200 லிட்டர் சோலார் டாங்கி, கீழ் பாத்ரூமில் 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர், குசினியில் கேத்தல். கொழும்பு வெக்கையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அம்மம்மாவுக்கு வயது 84. மார்கழி, தை விடியற்காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டாலே அவருக்கு விரல் மடங்காது.

முதலில் காசு. சோலார் டாங்கிக்குள் துணைக்கு, கரண்டில் தண்ணீரைச் சுட வைக்கும் ஒரு 2 கிலோவாட் எலிமென்ட் இருக்கும். பூட்டிய புதிதில் அதன் சுவிட்சை நாங்கள் அணைக்கவே இல்லை. இரவு எல்லோரும் குளித்து முடிய டாங்கிக்குள் பச்சைத் தண்ணீர் ஏறும். விடிவதற்குள் எலிமென்ட் அதைச் சுட வைத்துவிடும். வெயில் வரும்போது சூரியனுக்குச் செய்ய வேலை இருக்காது. கணக்குப் பார்த்தால் நெஞ்சு பதறும்: ஒரு லிட்டரை ஒரு பாகை சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும். 200 லிட்டரை 20 பாகை ஏற்றினால் 4.6 யூனிட். நம் பில்லில் 60, 90, 120, 180 என்று கட்டம் தாண்டத் தாண்ட யூனிட் விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும்.

இப்போது அடைமழை வாரம் தவிர அந்த சுவிட்ச் எப்போதும் அணைந்தே இருக்கிறது. மழைநாளில் அம்மம்மா மட்டும் முழுக வேண்டுமென்றால் கேத்தல் போதும். 15 லிட்டர் வாளியை 27 பாகையிலிருந்து 40க்குக் கொண்டுவர, கொதித்த தண்ணீர் 2.7 லிட்டர், அதாவது 1.8 லிட்டர் கேத்தலில் ஒன்றரை. செலவு கால் யூனிட்டுக்கும் குறைவு. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் கொதிதண்ணீர். மாற்றிச் செய்தால், பாதியில் யாராவது கதவைத் தட்டும்போது கொதிதண்ணீர் மட்டும் உள்ள வாளி பிள்ளைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

வாளிக்குள் தொங்கவிட்டுக் கரண்டில் தண்ணீர் சுட வைக்கும் கொயிலை மட்டும் எந்த வீட்டிலும் வைக்க வேண்டாம். எங்களிடம் இருந்ததை எறிந்துவிட்டேன்.

ஒவ்வொரு முறையும் தனித்தனியாக நல்லதுதான். ஒன்று இன்னொன்றோடு சேரும் இடத்தில்தான் கவனம் வேண்டும். குழாய் வேலை செய்யும் பைப் பாஸ், சோலார் குழாயை அப்படியே ஷவர் ஹீட்டருக்குள் விடலாம், கரண்ட் மிச்சம் என்றார். நான் விடவில்லை. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் அந்த ஹீட்டர் வருகிற தண்ணீரோடு சுமார் 17 பாகை சேர்க்கும். 27 உள்ளே போனால் 44 வரும், சரி. வெயில் நாளில் 55 உள்ளே போனால்? தானாக அணைக்கும் பாகம் ஒருநாள் பழுதானால் 72 பாகை தலையில் விழும். சூடான தண்ணீரை உள்ளே விடலாமென்று உங்கள் ஹீட்டரின் கையேட்டில் எழுதியிருந்தால் மட்டுமே இணையுங்கள். இல்லாவிட்டால் இரண்டுக்கும் தனிக் குழாய்.

சோலார் தனியாகவும் சுடும் என்பதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். சித்திரை வருடப்பிறப்புக்கு யாழ்ப்பாணம் போய் நான்கு நாள் கழித்து வந்தோம். அத்தனை நாளும் நல்ல வெயில், தண்ணீர் எடுக்க ஆளில்லை. சின்னவன் ஓடிப்போய்ச் சிவப்புக் குழாயைத் திறந்தான். புறங்கை முழுக்கச் சிவந்து, இரண்டு விரலுக்கு நடுவில் கொப்புளம். பக்கத்து வீட்டு அன்ரி பற்பசையோடு ஓடி வந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓடுகிற பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் அவன் கையைப் பிடித்திருந்தேன். ஐஸும் வைக்கவில்லை. பிறகு டொக்டரிடம் கொண்டுபோனோம். 60 பாகைத் தண்ணீர் பெரியவர்கள் தோலையே சுமார் 5 வினாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். அடுத்த வாரமே டாங்கியிலிருந்து இறங்கும் குழாயில் தானாகக் கலக்கும் வால்வு பூட்டி 45 பாகையில் நிறுத்தினோம். சோலார் வாங்கும்போதே இதையும் கேட்டு வாங்குங்கள்.

கரண்டிலும் ஒரு கூட்டல் இருக்கிறது. ஷவர் 3.5, எலிமென்ட் 2, கேத்தல் 2. மூன்றும் ஒன்றாக ஓடினால் 7.5 கிலோவாட், 230 வோல்ட்டில் 32 ஆம்பியருக்கு மேல். எங்கள் இணைப்பு 30 ஆம்பியர். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஷவருக்கு வயரிங் பாஸ் போர்டிலிருந்து தனி வயர் இழுத்திருக்கிறார். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை மாதம் பிறந்ததும் அழுத்திப் பார்க்கிறேன். அழுத்தியும் விழாவிட்டால் அது மாற்றப்படும்வரை யாரும் ஷவர் ஹீட்டரைத் தொடுவதில்லை.

சிக்கனத்தை விட்டுக்கொடுக்கும் ஒரே இடம் அடைமழை வாரம். டாங்கித் தண்ணீர் நாள்கணக்கில் இளஞ்சூட்டில் நின்றால் லெஜியோனெல்லா கிருமி பெருகும். ஷவர்த் துளியோடு அது நுரையீரலுக்குள் போனால் முதியவர்களுக்கு நியூமோனியா வரலாம். அப்போது மட்டும் எலிமென்டைப் போட்டு டாங்கியை 60 பாகைக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்து அணைக்கிறேன். அதற்குப் பிறகுதான் அம்மம்மா ஷவரில் குளிப்பார்.