ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கிறார்களா? ஆட்சேபத்தை இப்படி எழுதுங்கள்

தஞ்சாவூர் 2014-லும் கும்பகோணம் 2021-லும் மாநகராட்சி ஆனபிறகு, சுற்றியுள்ள ஊராட்சிக்காரர்களுக்கு ‘அடுத்தது நம்ம ஊரா?’ என்ற கவலை இருக்கத்தான் செய்கிறது. வெறுமனே ‘சேர்க்காதே’ என்று எழுதினால் ஃபைலில் தூங்கும்.

முதலில், ஊராட்சியைச் சேர்ப்பது பற்றிய அரசு அறிவிப்பில் ஆட்சேபத்துக்கான கெடு என்ன என்று பாருங்கள். அப்புறம் விஏஓவிடம் கிராம வரைபடத்தைப் பார்த்து, உத்தேச எல்லை எந்த வாய்க்காலைத் தாண்டுகிறது, எந்தெந்த சர்வே எண் நஞ்சை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மதகில் தண்ணீர் பாயும் வயல்களில் பாதி ஊராட்சியிலும் பாதி மாநகராட்சியிலும் போனால், நாளைக்குத் தூர்வார யாரிடம் போய் நிற்பது? இதை வரைபடத்தோடு காட்டுங்கள், இதுதான் உங்கள் வலுவான வாதம். நூறு நாள் வேலை கிராமப்புறத்துக்கு மட்டும்தான் என்பதால், அதை நம்பியிருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அங்கே தீர்மானம் போட்டு, அதன் நகலோடு கலெக்டர் அலுவலகத்தில் மனுவைக் கொடுங்கள். முத்திரை போட்ட ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். சேர்வதுதான் நல்லது என்று ஊர் நினைத்தாலும் சரி, வார்டு எல்லை பற்றி இதே மாதிரி எழுதலாம்.