எந்த ஆவணத்தை எத்தனை ஆண்டு வைத்திருப்பது? சிறு நிறுவனங்களுக்கான செய்முறை

ஒரு செயல் நடந்ததற்கோ, ஒரு முடிவு எடுக்கப்பட்டதற்கோ, ஒரு பொறுப்பு ஏற்பட்டதற்கோ சான்றாக நிற்கும் தகவல் எதுவாயினும் அது ஆவணம். 2001இல் வெளியாகி 2016இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 15489 என்ற பன்னாட்டுத் தரநிலை சொல்வதன் சாரமும் இதுவே. அந்தச் சான்று உருவாகும் நாள் முதல் அதை ஒழுங்காகப் பராமரித்து, காலம் முடிந்ததும் முறைப்படி அழிப்பது வரையிலான வேலையையே ஆவண மேலாண்மை என்கிறோம். இந்தியாவில் இயங்கும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் இதை எப்படித் தொடங்கலாம் என்று பார்ப்போம்.

படி 1: இருப்பதைக் கணக்கெடுங்கள்

பீரோ, கணக்கு மென்பொருள், மின்னஞ்சல், மேலாளரின் கைபேசி என ஒவ்வோர் இடத்திலும் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அனுப்பப்படாத விலைப்புள்ளியின் நான்காவது வரைவு ஆவணம் ஆகாது. ஆனால் "சரி, அந்த விலைக்கே வாங்கிவிடுங்கள்" என்று இயக்குநர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரி ஆவணம்தான், ஏனெனில் அந்தக் கொள்முதலுக்கு ஒப்புதல் கிடைத்ததற்கு வேறு சான்று இல்லாமல் போகலாம். அத்தகைய செய்திகளை அன்றே கொள்முதல் கோப்புக்கு மாற்றிவிடுங்கள். பெட்ரோல் பங்க் ரசீது போன்ற வெப்பத்தாள் பில்களில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும் என்பதால், அவற்றைக் கைக்கு வந்தவுடன் ஸ்கேன் செய்ய வேண்டும்.

படி 2: பராமரிப்புக் கால அட்டவணை தயாரியுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இந்த அட்டவணைதான். ஆவண வகை, பொறுப்பாளர், காலத்தைத் தீர்மானிக்கும் சட்டம், காலம் தொடங்கும் நாள், அழிக்கத்தக்க நாள் என்று ஐந்து பத்திகள் போதும். பலரும் நான்காவதை விட்டுவிட்டு "எட்டு வருஷம்" என்று மட்டும் எழுதிவைக்கிறார்கள். எந்த நாளிலிருந்து எட்டு என்று தெரியாத அட்டவணையால் ஒரு பயனும் இல்லை.

2022-23 நிதியாண்டின் விற்பனை பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் முடியும் வரை அதை வைத்திருக்க வேண்டும். அந்தக் கடைசி நாள் 2023 டிசம்பர் 31 என்பதால், காலம் 2029 டிசம்பர் இறுதியில் முடியும். (மிக்ஜாம் புயலும் தென்மாவட்ட வெள்ளமும் காரணமாகச் சென்னை, தூத்துக்குடி உள்ளிட்ட சில மாவட்டங்களுக்கு அந்த நாள் 2024 ஜனவரி 10 வரை நீட்டிக்கப்பட்டது, அங்குள்ள நிறுவனங்களுக்குக் கணக்கும் அதற்கேற்ப நகரும்.) அதே பில், கம்பெனிகள் சட்டம் 2013இன் 128ஆம் பிரிவின்படி கணக்குப் புத்தகங்களுக்கான வவுச்சரும், அதாவது கணக்குப் பதிவுக்கு ஆதாரமான சீட்டும், ஆகிறது. அந்தப் பிரிவு நடப்பாண்டுக்கு முந்தைய எட்டு நிதியாண்டுகளின் கணக்குகளைக் கேட்பதால், 2031 மார்ச் 31 வரை அதைத் தொடக்கூடாது. இரண்டு சட்டங்கள் பொருந்தும்போது நீண்ட காலமே செல்லும் என்பதால், அட்டவணையில் 2031 என்றே எழுதுங்கள்.

உறுப்பினர் பதிவேடும் இயக்குநர் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பேடும் நிரந்தரமாக இருக்க வேண்டியவை. வேலை கிடைக்காதவர்களின் விண்ணப்பங்கள், ஆதார் நகல்கள் போன்றவற்றின் நிலை நேர்மாறானது: படிப்படியாக நடைமுறைக்கு வரும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, நோக்கம் முடிந்த தரவை, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத வரையில், அழிக்கச் சொல்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் நம் வழக்கம் இங்கே செல்லுபடியாகாது.

படி 3: கோப்பின் மேலேயே காலத்தை எழுதுங்கள்

தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதங்களில் ஓ.மு., மூ.மு., ப.மு. என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு முடிவு என்பவற்றின் சுருக்கங்கள். கோப்பை முடிக்கும்போதே அது பதிவறையில் எத்தனை ஆண்டு இருக்கும் என்பதும் கோப்பு எண்ணோடு சேர்ந்துவிடுகிறது. கணினிக் கோப்புறைக்கும் இதே முறையைப் பின்பற்றி, "விற்பனை பில் 2022-23, அழிப்பு 2031 ஏப்ரல்" என்று பெயரிடலாம். என் கருத்தில், விலை கொடுத்து வாங்கும் எந்த மென்பொருளை விடவும் முதலாண்டில் இதுவே அதிகம் உதவும்.

படி 4: சேமிப்பையும் தடையையும் கவனியுங்கள்

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும். அந்த வசதியை அணைத்து வைக்கக்கூடாது. கணக்குகளின் காப்புநகல் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேர வேண்டும். வழக்கு, மேல்முறையீடு, விசாரணை ஏதேனும் தொடங்கினால், தொடர்புடைய கோப்புகளின் மேல் "அழிக்கத் தடை" என்று எழுதி, அட்டவணையில் உள்ள நாள் வந்தாலும் நிறுத்திவையுங்கள். ஜிஎஸ்டி சட்டமே, நடவடிக்கை முடிந்து ஓராண்டு வரையோ வழக்கமான காலம் வரையோ, எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்கச் சொல்கிறது.

படி 5: அழிப்பதையும் பதிவு செய்யுங்கள்

ஆண்டுக்கு ஒருமுறை, தணிக்கை முடிந்தபின், காலம் முடிந்தவற்றைப் பட்டியலிட்டுப் பொறுப்பாளரிடமும் கணக்காளரிடமும் கையெழுத்து வாங்குங்கள். சம்பளப் பட்டியலும் அடையாள நகல்களும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகக்கூடாது. அவற்றை இயந்திரத்தில் துண்டாக்கி, காப்புநகல்களிலிருந்தும் நீக்க வேண்டும். எது, எந்த நாளில், யார் ஒப்புதலுடன், எம்முறையில் அழிக்கப்பட்டது என்பதை அழிப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். அந்தப் பதிவேட்டுக்கு எதிரே அட்டவணையில் "நிரந்தரம்" என்று குறித்துக்கொள்ளுங்கள்.