வீட்டுக்காரர் உள்ளே இருந்தபோது நான் சமாளித்தது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்காய் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 6 மாதத் தண்டனை, தாப்பா சிறை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தண்டனையில், நன்னடத்தை இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கழியும். அதனால் 4 மாதத்தில் வந்துவிடுவார் என்று கணக்குப் போட முடிந்தது, பிள்ளைகளிடம் சொல்லவும் ஒரு மாதத்தின் பெயர் கிடைத்தது.

மோட்டார் சைக்கிள் தவணைதான் பெரிய தொல்லை. வண்டியை இழுத்துப்போகும்வரை காத்திருக்காமல் கடன் கொடுத்த இடத்துக்கு நானே போய்ப் பேசி, தவணையைக் குறைத்து எழுதி வாங்கினேன். சமூகநல இலாகாவிலும் உதவிக்கு மனு கொடுத்தேன். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், ஐசி (அடையாள அட்டை) நகல், எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

சிறைக்கு அவரைப் பார்க்கப் போனால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், ஃபோனில்தான் பேச்சு, அந்தக் கொஞ்ச நேரமும் அழுதே தீர்ந்துவிடும். அதனால் கேலண்டர் தாளின் பின்பக்கம் விஷயங்களை எழுதிக்கொண்டு போவேன்: மகளைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பவா, ஒழுகுகிற கூரைத் தகரத்தை இப்போதே மாற்றவா என்று அவரைக் கேட்டுத்தான் முடிவெடுப்பேன். வீடு இன்னும் தன்னுடையதுதான் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம்.

அப்புறம், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கேட்டவர்களிடம் எதையும் ஒளிக்கவில்லை. "சிறையில் இருக்கிறார், வந்துவிடுவார்" என்று நேராகச் சொன்னதும் பேச்சு அடங்கிவிட்டது.