மர நிலையில் யூபிவிசி ஜன்னல்: ஒழுகலை அடைக்கும்போது செய்யக்கூடாதவை

பழைய மர நிலையை அப்படியே விட்டுவிட்டு அதற்குள் யூபிவிசி (கெட்டியான பிவிசி பிளாஸ்டிக்) ஜன்னலைப் பொருத்துகிற வீடுகள் இப்போது நிறைய. ஐப்பசி மழை சாய்ந்தடிக்கும்போதுதான் இரண்டும் சேரும் இடத்தில் கசிவது தெரியவரும், உடனே எம்சீலையோ வெள்ளை சிமென்ட்டையோ வைத்து அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். மரம் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பிளாஸ்டிக் வெயிலுக்கு நீளும்: 1.5 மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மி.மீ. இப்படி ஆளுக்கொரு பக்கம் அசைகிற இரண்டுக்கும் நடுவில் கல்லாக இறுகிய பொருள் எத்தனை நாள் தாங்கும்? ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல் விட்டாலே தண்ணீருக்குப் போதும்.

ரப்பர் மாதிரி இழுபடுகிற சீலன்ட்தான் (இடுக்கை அடைக்கும் பசை) வேண்டும். அதிலும் வெறுமனே சிலிகான் என்று கேட்காமல் 'நியூட்ரல் க்யூர்' என்று சொல்லி வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கிற வகை கண்ணாடிக்குச் சரி, பிவிசியிலும் மரத்திலும் அவ்வளவாகப் பிடிக்காது. மேலே பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் சிலிகானே வேண்டாம், பெயின்ட் நிற்காது. எம்எஸ் பாலிமர் என்கிற வகை சீலன்ட் வாங்குங்கள், மரம், பிவிசி இரண்டிலும் நன்றாக ஒட்டும்.

பழைய சிலிகான் மேலேயே புதுசு போடுவது வீண் வேலை, ஒட்டவே ஒட்டாது. பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுங்கள், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள் (பிவிசி இளகிவிடும்), ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். மரம் ஈரமாக இருந்தால் காயும்வரை பொறுங்கள்.

அப்புறம், இடைவெளி முழுக்க சீலன்ட்டைத் திணிப்பது. நிறைய போட்டால் பலம் என்று நினைப்பு, ஆனால் இரண்டு பக்கத்தோடு உள்ளே அடிப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டால் அதனால் இழுபட முடியாது, கிழிந்துவிடும். பேக்கர் ராட் என்று ஒரு நுரைக் கயிறு கிடைக்கும், இடைவெளியைவிடக் கொஞ்சம் தடிமனாக வாங்கி முதலில் உள்ளே அழுத்திவிட்டு, மேலே 10 மி.மீ. அகலத்துக்கு 5 மி.மீ. ஆழம் என்கிற கணக்கில் போடுங்கள். ஒருநாள் தண்ணீர் படாமல் விடுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு ஒன்று உண்டு. ஜன்னலின் அடிச்சட்டத்தில் வெளிப்பக்கம் நீளவாக்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், உள்ளே புகுந்த மழைத் தண்ணீர் வெளியேறுகிற வழி அது. ஓட்டை என்று நினைத்து அதையும் சேர்த்து அடைத்துவிட்டால் தண்ணீர் சட்டத்துக்குள்ளேயே தேங்கி வீட்டுப் பக்கம் வழியும், கீழே இருக்கிற மரமும் இற்றுப்போகும். அடைத்திருந்தால் இன்றைக்கே குத்தித் திறந்துவிடுங்கள்.