பிள்ளையின் மனஉறுதியை அளக்காதீர்கள், அயலைப் பாருங்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பாடசாலையிலிருந்து இடைவிலகிய பிள்ளைகளோடு வேலை செய்ய வரும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "யுத்தத்தையே தாங்கிய சனம், இதையும் தாங்கும்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். தாங்குகிறவர்களுக்கு உதவி எதற்கு என்றுதான் அந்தப் பாராட்டு போய் முடிகிறது.

ஹவாயின் கவாய்த் தீவில் 1955இல் பிறந்த பிள்ளைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளர் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் சச்சரவும் மிகுந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தலையெடுத்தார்கள். அவர்களின் இயல்பும் துணைநின்றது. ஆனால் பாட்டியோ ஆசிரியரோ அயலவரோ, கைவிடாத ஒரு பெரியவரும் அருகில் இருந்தார்.

ஆகவே வீட்டுக்குப் போனதும் படிவத்தை நீட்டாதீர்கள். "காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வாய்? இரவில் யானை வந்தால் யார் வீட்டுக்கு ஓடுவாய்?" என்று கேளுங்கள். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருந்தால் பெரும்பாலும் அம்மம்மாவின் பெயர் மட்டுமே வரும். அவர் படுக்கையில் விழுந்தால் பிள்ளைக்கு யார்? இரண்டாவது ஆளைத் தேடுங்கள். அது நீங்களாக இருக்கக் கூடாது. திட்டம் முடிந்தால் நீங்கள் போய்விடுவீர்கள். மாமியோ சைக்கிள் கடைக்காரரோ கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரோ, பிள்ளை நம்புகிறவராக இருக்கட்டும். "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. "சனிக்கிழமைகளில் கூப்பிட்டு, இந்தக் கிழமை என்ன நடந்தது என்று கேளுங்கள்" என்று சொல்லுங்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் போகாதவனைச் சோம்பேறி என்பார்கள். விசாரித்தால் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் அடையாள அட்டையும் இல்லை. இவனுக்கு ஊக்கப் பேச்சு எதற்கு? கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் கூடவே போங்கள். பேசுவதை அவனிடமே விடுங்கள்.

யானை நடமாடும் ஊர்களில் பொழுதுபடுமுன் பிள்ளைகள் வீடு சேரும்படி வகுப்பை முடியுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது முறைப்பாடே சொல்லாத பிள்ளைதான். பதின்மூன்று வயதில் சமைத்து, தம்பிமாரைக் குளிப்பாட்டிப் பாடசாலைக்கு அனுப்புகிறவளை ஊரே பொறுப்பானவள் என்று மெச்சும். நீங்களும் மெச்சிவிட்டு வராதீர்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறாள், கடைசியாக எப்போது விளையாடினாள் என்று கேளுங்கள். அவளது வேலையில் ஒன்றையாவது ஒரு பெரியவரின் கைக்கு மாற்றிவிட்டு எழும்புங்கள்.

துன்புறுத்தல் தெரியவந்தால் சிறுவர் உதவித் தொலைபேசி 1929, உயிரை மாய்க்கும் பேச்சு வந்தால் மனநல உதவித் தொலைபேசி 1926. அந்த அழைப்பைப் பிள்ளையின் பக்கத்தில் இருந்தே எடுங்கள். பொறுப்பான ஒருவர் வரும்வரை தனியே விட்டுப் போகாதீர்கள்.