சீனியைப் போடுமுன் ஒரு வாய்: நம் மலைத் தேயிலையை ருசித்துக் குடிப்பது எப்படி

வைன் பிடித்தவர்கள் ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மண், காற்று, எந்த மலைச்சரிவு, எந்த வருடத்து விளைச்சல் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். வைனுக்குப் பேர்போன திராட்சைத் தோட்டம் நம் இலங்கை மலையில் இல்லைதான். ஆனால் அந்தப் பேச்சில் முக்கால்வாசி தேயிலைக்கும் பொருந்தும், அதுவும் நம் வாசலிலேயே. நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன், இருபத்தைந்து வயது வரை எனக்குத் தெரிந்தது ஒரே தேத்தண்ணிதான்: டஸ்ட் என்ற பொடித் தூளை அடுப்பில் கொதிக்கவிட்டு, கறுத்ததும் வடித்து, சீனியை அள்ளிப் போட்டது. காலைக் குளிருக்கு அதை அடிக்க ஆளில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல தூள் எல்லாம் ஏலத்துக்குப் போய் கப்பலேறிவிடும் ஊரில், அது ஒன்றுதான் தேயிலை என்று நினைத்துக்கொண்டே வளர்ந்துவிட்டேன்.

சரி, தொடங்குவோம். முதலில் இரண்டு தூள் வாங்குங்கள். ஒன்று மட்டும் வாங்கினால் நாக்குக்கு ஒன்றும் புரியாது, பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒன்று திம்புள்ளப் பக்கத்துத் தூள். ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவ, தலவாக்கலை எல்லாம் அதில்தான் அடங்கும். மற்றது ஊவா, அதாவது பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம். தலா 100 கிராம் போதும். கடையில் சாக்கைத் திறந்து வைத்து அள்ளிக் கொடுக்கும் தூள் எந்தத் தோட்டத்துடையது என்று கடைக்காரருக்கே தெரியாது, ஆகையால் அது இந்த வேலைக்கு உதவாது. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் வழியில் தேயிலை விற்பனை நிலையங்கள் இருக்கின்றன, அங்கே ஒரே தோட்டத்துத் தூளாகக் கேட்டு வாங்குங்கள். பொதி செய்த திகதியைக் கட்டாயம் பாருங்கள். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால் உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்று அர்த்தம். ருசிக்கு அது உத்தரவாதம் இல்லை, கலப்பில்லை என்பதற்குத்தான்.

பொதியில் பி.ஓ.பி., ஓ.பி. என்றெல்லாம் போட்டிருக்கும். இது பலரையும் குழப்பும் சங்கதி. அந்த எழுத்துகள் சொல்வது பெரும்பாலும் இலையின் அளவைத்தான். ஓ.பி. நீளமான இலை, பி.ஓ.பி. உடைந்தது, பி.ஓ.பி.எஃப். இன்னும் பொடி, டஸ்ட் கடைசி. நடுவில் வரும் 'ஓ' ஒரேஞ்ச் என்பதன் முதல் எழுத்து, ஆனால் தோடம்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பொடியாக இருந்தால் சாயம் சட்டென்று இறங்கும், பெரிய இலை என்றால் நேரமெடுக்கும். அதனால் இரண்டையும் ஒரே தரத்தில் வாங்குங்கள், பி.ஓ.பி. நல்லது. ஒன்று டஸ்ட், மற்றது ஓ.பி. என்று வாங்கினால் நீங்கள் ஒப்பிடுவது ஊரை அல்ல, இலையின் அளவை.

எப்போது பறித்தது என்பதும் முக்கியம். திம்புள்ளவில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்: பகலில் வெயில், இரவில் கடும் குளிர், வறண்ட காற்று, கொழுந்து மெதுவாக வளரும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டியதும் வறண்ட கச்சான் காற்றாகக் கிழக்குப் பக்கம் இறங்கும். செடிக்கு அது பெரிய சோதனை, நமக்குத்தான் லாபம், ஏனென்றால் அந்தக் காலத்துத் தூளில்தான் ஊவாவுக்கே உரிய வாசனை ஏறுகிறது. அதில் மெதைல் சாலிசிலேட் என்ற பொருளுக்குப் பங்குண்டு, மூட்டுவலித் தைலத்தில் மணப்பதும் அதேதான். முதல் தடவை நல்ல ஊவாத் தூளை முகர்ந்தபோது எனக்கு அப்பாயியின் முழங்கால்தான் ஞாபகம் வந்தது! பழகப் பழக அது குளிர்ச்சியான ஒரு வாசனையாக மாறிவிடும்.

இனி ஊற்றுவது. கடலோரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், நுவரெலியா உயரத்தில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், போதாக்குறைக்குக் குளிர் வேறு. ஆகையால் கோப்பைகளில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டுத் தூளைப் போடுங்கள். 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், தராசு இல்லாவிட்டால் சின்னக் கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி. அப்போதுதான் கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி, நான்கைந்து நிமிடம் விடுங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம், வாசனை ஆவியோடு போய்விடும். இரண்டு கோப்பைக்கும் ஒரே அளவு, ஒரே நேரம், இதில் மட்டும் சோம்பல்படாதீர்கள்.

வடித்ததும் முதலில் வடியில் தங்கிய இலையைப் பாருங்கள். புதுச் செப்புக்காசு மாதிரி பளிச்சென்று இருந்தால் நல்ல வேலைப்பாடு, மங்கிக் கறுத்திருந்தால் எங்கோ பிசகியிருக்கிறது. மூக்கை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகருங்கள், கோப்பையைவிட அதில்தான் வாசனை தூக்கலாக இருக்கும். அப்புறம் கரண்டியில் எடுத்து 'சர்ர்ர்' என்று காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள். வீட்டில் யாராவது முறைப்பார்கள், கவலைப்படாதீர்கள், கொழும்பு ஏலத்துக்காகத் தேயிலை ருசி பார்ப்பவர்களும் இப்படிச் சத்தம் போட்டுத்தான் உறிஞ்சுகிறார்கள். காற்றும் சேர்ந்து போனால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும்.

கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பார்ப்பதுதான் இதில் பாதி வித்தை. கசப்பு நாக்கில் தெரியும். துவர்ப்பு என்பது நாவற்பழம் தின்றதும் ஈறும் கன்னமும் இழுத்துப் பிடிக்குமே, அது. சிவப்பு வைனில் ரசிப்பவர்கள் தேடுவதும் அந்தப் பிடிப்பைத்தான். நல்ல தேத்தண்ணியில் அது சுருக்கென்று வந்து, எச்சில் ஊறவைத்துவிட்டு, தானாக விலகிவிடும். விலகாமல் நாக்கில் கம்பளி போர்த்திய மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தால், ஒன்று நேரம் கூடிவிட்டது, இல்லையென்றால் தூள் சரியில்லை.

இரண்டு வாரம் இப்படிக் குடித்த பிறகு நுவரெலியாத் தூளையும் கண்டித் தூளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுவரெலியா மெலிந்த பொன்னிறம், அதில் பால் ஊற்றினால் வாங்கிய காசு வீண். கண்டி கொஞ்சம் தாழ்வான மலை, சாயம் கனம், பாலுக்குத் தோதானது. (இலங்கைத் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர தோட்டமும் கண்டிப் பக்கம்தான்.) பாலில் உள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் பால்மா போட்டதும் எந்தத் தூளும் சாதுவாகிவிடுகிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் என்றால் திம்புள்ள வெறுந்தேத்தண்ணி, ஆனால் சம்பல் எரிச்சல் வாயில் இருக்கும்போதே சூடாக உறிஞ்சாதீர்கள், ஒரு ருசியும் தெரியாது. ரொட்டியை முடித்துவிட்டுக் குடியுங்கள். எண்ணெயில் பொரித்த பருப்பு வடைக்கு ஊவா, அந்தத் துவர்ப்பு எண்ணெய்ப் பிசுக்கை வாயிலிருந்து கழுவிவிடும். நுவரெலியாவுக்கு அதிகம் இனிக்காத ஏதாவது. அப்புத்தளை அடிஷாம் மடத்துத் துறவிகள் செய்து விற்கும் ஜேமை பாணில் மெல்லிசாகத் தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள். இனிப்பு வேண்டும் என்றால் சீனியைக் கலக்காமல் கித்துள் கருப்பட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு குடியுங்கள், நல்ல கருப்பட்டியில் புகை வாசனையும் லேசான கசப்பும் இருக்கும், வெறும் சீனி இனிப்பு மட்டும் வந்தால் கடையை மாற்றுங்கள். என் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். நான் ஊற்றிக் கொடுத்த ஊவாவை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, இதுக்கு ஏன்டா இவ்வளவு காசு?" என்றார், அடுத்த வாய்க்குக் கருப்பட்டியைத் தேடினார்.

மீதித் தூளைப் பத்திரப்படுத்துங்கள். பக்கத்தில் எது இருந்தாலும் தேயிலை அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும், நம் மலை ஈரத்துக்குச் சீக்கிரம் பதமும் போய்விடும். காற்றுப் புகாத டின், வெளிச்சம் படாத இடம், அடுப்புக்கும் மசாலாவுக்கும் தூரமாக. நான் ஆசையாக வாங்கிய முதல் ஊவாத் தூளைக் கருவாட்டுப் பையோடு ஒரே தட்டில் வைத்துவிட்டேன், ஒரு மாதம் நெத்தலி தேத்தண்ணிதான்.